எட்டு ராத்திரி ஆட்டுக்கிடை: கத்தரிக் கொல்லையில் கண்டது

பங்குனி மாதம் எங்கள் கொல்லையில் எட்டு ராத்திரி ஆட்டுக்கிடை போட்டோம், அதாவது எருவுக்காக ஆட்டு மந்தையை ராத்திரியில் கொல்லையிலேயே அடைத்துவைத்தோம். அப்போதே எழுதச் சொல்லி மகள் கேட்டாள். கிடையின் குணத்தைச் செடிதான் சொல்ல வேண்டும் என்று ஆவணி வரை பொறுத்திருந்தேன். இப்போது கத்தரியில் ஏழாவது பறிப்பு நடக்கிறது. இனி தைரியமாக எழுதலாம்.

முதலில் நிலத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலூரை அடுத்த கணியம்பாடிப் பக்கம், ஜவ்வாது மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஒன்றேகால் ஏக்கர். செம்மண்ணும் சரளையும் கலந்தது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார்கள். பக்கத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே கூப்பிடுவார்கள். நானும் 17 வருஷம் இருந்துவிட்டு 2016-ல் ஊர் திரும்பினேன். 80 சென்டில் முள்ளு கத்தரி, மீதியில் நெல். 2023-ல் வேலூர் முள்ளு கத்தரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு பெயரைச் சொல்லிக் கேட்டு வருகிறவர்கள் கூடினார்கள். ஆனால் மண் வருஷத்துக்கு வருஷம் இளைத்துக்கொண்டே போனது. மூட்டை மூட்டையாக உரம் போட்டும் செடி இடுப்புக்கு மேல் எழும்பவில்லை.

‘ஆட்டு எரு அந்த வருஷத்துக்கு, மாட்டு எரு மறு வருஷத்துக்கு’ என்று அம்மா சொல்வார். அம்மா காலத்தில் அறுவடை முடிந்ததும் மந்தைகள் தாமாகவே வரும். இப்போது நாம்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது. கே.வி.குப்பம் ஆட்டுச் சந்தையில் இரண்டு திங்கட்கிழமை விசாரித்துத்தான் இந்த மந்தைக்காரரைப் பிடித்தேன். சித்தூர்ப் பக்கத்துக்காரர், அறுபது வயசு இருக்கும். வருஷா வருஷம் தை கடைசியில் அங்கேயிருந்து இறங்கி, குடியாத்தம் வழியாகப் பாலாற்றைக் கடந்து, அறுப்பு முடிந்த கழனிகளில் மேய்த்துக்கொண்டே வந்து, ஆடி மழைக்கு முன்னால் ஊர் திரும்புவார். 420 செம்மறி, டீக்குப் பால் கறக்கப் பத்துப் பதினைந்து வெள்ளாடு, இரண்டு நாய். கூட அவர் வீட்டம்மாவும் தம்பி மகனும். வலை, பாத்திரம், படுக்கை எல்லாம் ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியில்.

பேசியது ராத்திரிக்கு ஆயிரம் ரூபாய், அதோடு மூன்று கிலோ அரிசி, காலையில் டீ. தண்ணீர் நம்முடையது. எட்டு ராத்திரிக்கு 8,000 ரூபாய். எங்கள் பக்கத்தில் இரண்டு டிராக்டர் மாட்டு எருவுக்கு ஏறக்குறைய அதே பணம்தான் ஆகும்; அதை இறக்கி, இறைத்து, கூலி கொடுத்து முடிப்பதற்குள் இன்னும் இரண்டாயிரம் போய்விடும்.

வேலையை எப்படிச் செய்தார் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கிடை போடுகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி போடுவதில்லை.

சாயந்திரம் ஆறு மணிக்கு மந்தை வரும். அதற்கு முன்பே தம்பி மகன் பத்து சென்ட் அளவுக்கு முளை அடித்து வலை கட்டிவிடுவான். குட்டிகளுக்குத் தனியாகப் படல் அடைப்பு. ஆடு எல்லாம் உள்ளே போனதும் பெரியவர் வலையைச் சுற்றி ஒரு நடை நடந்து, ஒவ்வொரு முளையையும் கையால் ஆட்டிப் பார்ப்பார். அப்புறம் சாப்பாடு, படுக்கை. இதுவரைக்கும் யாரும் செய்வதுதான்.

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்துகொள்வார். வலையை எட்டி ஒருபக்கமாக இழுத்துக் கட்டி, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கொடுப்பார், அதட்டல் மாதிரியும் இல்லாமல் கூப்பிடுகிற மாதிரியும் இல்லாமல். படுத்திருந்த ஆடுகள் ஒவ்வொன்றாக எழுந்து, முதுகை நெளித்து, நின்ற இடத்திலேயே மூத்திரமும் புழுக்கையும் போடும். முதல் ராத்திரி நான் வரப்பில் உட்கார்ந்து கேட்டேன். காய்ந்த தாளடியில் தூறல் விழுகிற மாதிரி பொலபொலவென்று ஒரு சத்தம், கொல்லை முழுக்க. இரண்டு நிமிஷம் இருக்கும். அப்புறம் மந்தையை மெதுவாக அடுத்த பாதிக்கு நகர்த்திவிடுவார். ஆடுகள் திரும்பவும் படுத்துக்கொள்ளும். எழுப்பாமல் விட்டால் புழுக்கை எல்லாம் படுத்த இடத்தில் குவியலாகக் கிடக்கும். ஒரு பக்கம் செடி கருகும், இன்னொரு பக்கம் வெளுக்கும். நாம் கொடுக்கிற ஆயிரம் ரூபாயில் பெரும்பகுதி இந்த இரண்டு மணி வேலைக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பங்குக்கு ஒரு வேலை இருக்கிறது. கிடை மாறின இடத்தை அன்றைக்கே மேலோட்டமாக உழுதுவிட வேண்டும். வெயில் ஏறினால் மூத்திரத்தில் இருக்கிற சத்து காற்றோடு போய்விடும். நான் பக்கத்துக் கொல்லைத் தம்பியின் பவர் டில்லரை தினமும் காலையில் ஓட்டச் சொன்னேன்.

மூன்றாம் ராத்திரி அவர் எழுப்பி முடித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவரும் படுக்கவில்லை. அடுப்பில் டீ வைத்தார். “மிலிட்டரில எங்க சார் இருந்தீங்கோ?” என்று கேட்டார். லடாக் என்றேன். அங்கேயும் ஆடு இருக்கா என்றார். அந்த ஒரு கேள்விக்கு விடிகிற வரைக்கும் பதில் சொன்னேன்.

2012, 2013 இரண்டு குளிர்காலம் கிழக்கு லடாக்கில் இருந்தேன். சாங்தாங் என்கிற மேட்டுநிலம், 4,000 மீட்டருக்கு மேலே. அங்கே மேய்க்கிறவர்களுக்குச் சாங்பா என்று பெயர். கவரிமா முடியில் நெய்த கூடாரம், ஆடு, செம்மறி, கவரிமா எல்லாம் சேர்ந்த மந்தை. பஷ்மினா சால்வை என்று விலை கேட்டால் தலை சுற்றுகிறதே, அதன் உள்மயிர் அந்த ஆட்டிலிருந்து சீப்பால் வாரி எடுப்பதுதான். வருஷத்தில் பல தடவை இடம் மாறுவார்கள். கோடையில் ஒரு மேய்ச்சல், பனி குறைவாக விழுகிற பள்ளத்தாக்கில் குளிர்கால மேய்ச்சல். அந்தக் குளிர்கால இடம்தான் உயிர். அது இல்லாவிட்டால் ஆடு பனியைக் கீறிப் பார்த்துவிட்டுப் பட்டினியில் சாகும். நான் இருந்தபோது ஒரு குளிரில் பனி கொட்டி ஏகப்பட்ட குட்டிகள் செத்தன. கல் சுவர்ப் பட்டிக்குள் வரிசையாகக் கிடத்தியிருந்ததைப் பார்த்தேன்.

பெரியவருக்கு அதெல்லாம் சொன்னாலும், அவர் பிடித்துக்கொண்டது ஒரு கயிற்றைத்தான். சாங்பா பெண்கள் பால் கறக்கும்போது ஆடுகளை எதிரும் புதிருமாக, கழுத்தோடு கழுத்து பின்னிய மாதிரி இரண்டு வரிசையாகக் கட்டுவார்கள். நூறு ஆடு இருந்தாலும் ஒரே கயிறு. கறந்து முடித்ததும் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் எல்லாம் ஒரே நேரத்தில் அவிழ்ந்துகொள்ளும். எப்படிச் சுருக்குப் போடுவார்கள் என்று கேட்டார். எனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம். மறுநாள் காலை வலைக்கயிற்றில் மிஞ்சின துண்டை எடுத்து, ஆறு வெள்ளாட்டை எதிரெதிரே நிறுத்தி, நான் சொன்னதை வைத்து அவரே போட்டுப் பார்த்தார். முதல் தடவை இரண்டு ஆடு இறுகிக்கொண்டது. நாலாவது தடவை இழுத்ததும் ஆறும் ஒரே நேரத்தில் விலகி நடந்தன. அவர் வீட்டம்மா பாத்திரத்தை வைத்துவிட்டுக் கைதட்டினார். லடாக் எந்தத் திக்கில் இருக்கிறது என்று அந்த அம்மா கேட்டார், கையைக் காட்டினேன்.

அவரிடம் சொல்லாமல் விட்ட ஒன்றை இங்கே எழுதுகிறேன். ஒரு நாள் விடிகாலை, சிந்து ஆறு ஓரமெல்லாம் உறைந்து கிடந்தது. வயசான ஒரு சாங்பா மந்தையோடு ஆற்றுப்பக்கம் வந்தார். அதற்கு மேல் போக விடக் கூடாது என்று உத்தரவு. நான்தான் காவலில் இருந்தேன். அவர் கோலால் அக்கரையைக் காட்டினார். பனி இல்லாமல் பழுப்பு நிறத்தில் புல் தெரிந்தது. எனக்கு அவர் பாஷை தெரியாது. கையை அசைத்துத் திரும்பிப் போகச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. முன்னால் நின்ற ஆட்டின் கொம்பைப் பிடித்துத் திருப்பினார். மந்தை மொத்தமும் திரும்பியது. உத்தரவுக்குக் காரணம் இருந்தது, அதை நான் இன்றைக்கும் மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த ஆடுகள் என்ன தின்றன என்ற கேள்வி என்னை விட்டுப் போகவே இல்லை.

ஊருக்கு வந்த பிறகு இதையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன். 1954-ல் இந்தியாவும் சீனாவும் போட்ட ஒப்பந்தத்தை பஞ்சசீலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அதிலேயே, எல்லையோர மாவட்டத்து மக்கள் சில்லறை வியாபாரத்துக்கும் சொந்தக்காரர்களைப் பார்க்கவும் வழக்கம் போலப் போய்வரலாம், பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. 1962-ல் அது காலாவதியானது. அதே வருஷம் போரும் வந்தது. அதற்குப் பிறகுதான் ஸ்கக்ஜுங் மாதிரியான குளிர்கால மேய்ச்சல் நிலங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுப் போயின என்று அங்கே உள்ள பெரியவர்கள் சொல்கிறார்கள். நான் அங்கே இருந்த 2013 அக்டோபரில் எல்லைப் பாதுகாப்பு ஒத்துழைப்பு ஒப்பந்தம் ஒன்று போட்டார்கள். எல்லைக் கோட்டைத் தாண்டிப் போய்விட்ட ஆடுமாடுகளைக் கண்டுபிடிக்க ஒருவருக்கொருவர் உதவ வேண்டும் என்று அதில் ஒரு வரி உண்டு. நல்ல வரி. ஆனால் அது வழி தவறின ஆட்டுக்கு. வருஷா வருஷம் தெரிந்தே அதே வழியில் நடக்கிற மந்தைக்கு எழுதினது இல்லை.

2020-ல் லடாக்கின் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேர் இறந்தார்கள். ராமநாதபுரத்து ஹவில்தார் பழனி அதில் ஒருவர். அந்த வருஷத்துக்குப் பிறகு இன்னும் பல இடங்களில் மேய்ச்சல் நின்றது. 2024 ஜனவரியில் லடாக்கின் சூசுல் பக்கத்தில் மேய்ப்பர்கள் சீனச் சிப்பாய்களுக்கு நேராக நின்று, இது எங்கள் மேய்ச்சல், நகர மாட்டோம் என்று வாக்குவாதம் செய்கிற வீடியோவை என் போனில் பார்த்தேன். கையில் துப்பாக்கி இல்லை, சுற்றிலும் ஆடுதான். நான் திருப்பி அனுப்பினவரின் பேரப்பிள்ளை வயசு ஒருவனுக்கு. அந்த வருஷம் அக்டோபரில் லடாக் எல்லையில் உள்ள தெம்சோக், தெப்சாங் இரண்டு இடத்துக்கும் சீனாவோடு உடன்பாடு வந்தது. ரோந்தோடு மேய்ச்சலும் மறுபடி நடக்கும் என்று அறிவித்தார்கள். ரோந்துக்குச் சமமாக மேய்ச்சலையும் ஒரு வார்த்தையாகச் சேர்த்ததைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

சரி, சித்தூர் மந்தைக்கு வருகிறேன். இவர் ஒப்புக்கொண்ட தேதிக்கு நாலு நாள் தாமதமாக வந்தார். எனக்குக் கோபம்தான், டில்லர்காரருக்கு முன்பணம் கொடுத்து வைத்திருந்தேன். விசாரித்தால், மாநில எல்லையில் ஒரு சாவடியில் மந்தையை நிறுத்திவிட்டார்கள். ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போட்ட தாள் கேட்டிருக்கிறார்கள். ஊசி போட்டிருக்கிறது, தாள் தெலுங்கில் இருந்தது, அதிலும் ஆட்டு எண்ணிக்கை போன வருஷத்துக் கணக்கு. கேட்டதில் தப்பில்லை, நோய் வந்தால் எங்கள் ஊர் ஆடும்தான் சாகும். ஆனால் 420 ஆட்டை நாலு நாள் ரோட்டோரம் எங்கே மேய்ப்பது? “நின்ன ஆடு நோவு புடிச்ச ஆடு சார், நடக்கற ஆடுதான் ஆடு” என்றார். மூன்று குட்டி அங்கேயே போய்விட்டதாம். குட்டிக் கணக்கைச் சொல்லும்போது விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

எனக்கு உறைத்தது என்னவென்றால், 1911 வரைக்கும் வட ஆற்காடு ஜில்லாவுக்குத் தலைநகரே சித்தூர்தான். அவர் தாத்தாவின் அப்பா இதே வழியில் வந்திருந்தால் ஜில்லாவை விட்டே வெளியே போயிருக்க மாட்டார். வழி பழசு, கோடு புதுசு. இது நாடுகளுக்கு நடுவில் இருக்கிற எல்லைகூட இல்லை. ஒரே நாட்டுக்குள் ஒரு தாள் இல்லாததற்கே நாலு நாள் என்றால், இரண்டு பட்டாளங்கள் நிற்கிற இடத்தில் சாங்பாவின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

தாள் வைத்தே இதைச் சரிசெய்ய முடியும் என்பதுதான் என் நம்பிக்கை. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு 1998-லேயே மந்தைகளுக்கென்று சர்வதேச இடப்பெயர்ச்சிச் சான்றிதழ் ஒன்று கொண்டுவந்தது. எத்தனை மாடு, என்னென்ன தடுப்பூசி, எந்த வழி, எந்தச் சாவடியில் நுழைவு எல்லாம் அதில் இருக்கும். கையில் அது இருந்தால் மந்தை நாடு தாண்டலாம். நடைமுறையில் அங்கேயும் ஆயிரம் சிக்கல். பெனின் 2019-ல் வெளிநாட்டு மந்தைகளுக்குத் தடை போட்டது. மந்தைகள் புறப்படுகிற மாலி, நைஜர், புர்கினா ஃபாசோ மூன்றும் 2025 ஜனவரியில் கூட்டமைப்பை விட்டே வெளியேறிவிட்டன. இதற்கெல்லாம் வெகு முன்னால், 1751-ல், நார்வேக்கும் ஸ்வீடனுக்கும் எல்லை கிழித்தபோது, ரெயின்டீர் மான் மேய்க்கும் சாமி இன மக்கள் பழைய வழக்கப்படி இரண்டு பக்கமும் மந்தையோடு போய்வரலாம், போர் நடந்தாலும் அவர்களைத் தொடக் கூடாது என்று ஒப்பந்தத்தோடு ஒரு பின்னிணைப்பே எழுதினார்கள். கோடு போட்ட அன்றைக்கே மந்தையை நினைத்த மனுஷர்கள் இருந்திருக்கிறார்கள். இந்தப் பெரியவருக்கு அவ்வளவுகூட வேண்டாம். இரண்டு மாநில கால்நடைத் துறையும் ஒத்துக்கொள்கிற மாதிரி, இரண்டு பாஷையிலும் அச்சடித்த ஒரே அட்டை போதும்.

ஐ.நா. சபை 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டு என்று அறிவித்திருப்பதை அவரிடம் சொன்னேன். அதனால் சாவடியில் விடுவார்களா என்று கேட்டார்.

இனி குறைகள். தாமதத்தை நான் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. ஆறாம் ராத்திரி தெருநாய்கள் நாலைந்து வந்து வலையைச் சுற்றியதில் மந்தை கிழக்குப் பக்கமாகவே நெருங்கி நின்றுவிட்டது. அவருடைய இரண்டு நாயில் ஒன்று கிழடு, எழுந்து குரைத்ததோடு சரி. மேற்கு மூலையில் மூன்று சென்ட் அளவுக்குப் புழுக்கையே விழவில்லை. அந்த மூலைச் செடி இன்றைக்கும் முழங்கால் உயரம்தான். இன்னொரு நல்ல நாய் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அடுத்தது, வழியெல்லாம் சீமைக் கருவேலங்காய் தின்றுகொண்டே வந்த மந்தை. வைகாசியில் கத்தரி நாற்று நடுவதற்குள் கொல்லை முழுக்கக் கருவேல முளை. முள் வைப்பதற்கு முன்னால் இரண்டு களை எடுக்க வேண்டியிருந்தது, அதற்கே 1,800 ரூபாய் கூலி. கிடை போடுகிறவர்கள் இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பலன்: போன வருஷம் மூன்று மூட்டை உரம் போன இடத்தில் இந்த வருஷம் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். அந்த மேற்கு மூலையைத் தவிர மற்ற செடியெல்லாம் என் மார்பளவு. இலை கருத்துக் கனமாக இருக்கிறது. காம்பு முள் கையில் ஏறுகிற மாதிரி விறைப்பாக நிற்கிறது. முள்ளு கத்தரிக்கு அதுதான் ஆரோக்கியத்தின் அடையாளம். ஏழு பறிப்பிலும் எடை குறையவில்லை. மண்வெட்டி போட்டால் மண்புழு தெரிகிறது, ஐந்து வருஷத்துக்கு அப்புறம். ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன்.

அடுத்த பங்குனிக்கு நெல் கழனியையும் சேர்த்துப் பன்னிரண்டு ராத்திரி பேசியிருக்கிறேன். நம் பக்கத்தில் இன்னும் நாலு கொல்லைக்காரர்கள் சேர்ந்தால் ஒரு மாசம் இங்கேயே சுற்றிவருவேன் என்கிறார். வேண்டுகிறவர்கள் தை மாசமே கே.வி.குப்பம் சந்தைக்கு விடிகாலையில் போய், சித்தூர் மந்தைக்காரர்கள் நிற்கிற பக்கம் கேளுங்கள். எட்டு மணிக்கு மேல் போனால் யாரும் இருக்க மாட்டார்கள். முளைக்குச்சி, வலை எல்லாம் அவர்களே கொண்டுவருவார்கள். வந்து சேர்கிற அன்றைக்குத் தண்ணீர்த் தொட்டி மட்டும் நிரம்பியிருக்கட்டும். நடந்து வந்த ஆடு முதலில் அதைத்தான் தேடும்.